அம்மாவின் நெற்றி

மாப்ளே,

போன வாரம் பேத்தி அழுகிறாள் என்று போனைப் பாதியில் வைத்துவிட்டாய். முழங்கால் எப்படி இருக்கிறது, மாடி ஏற முடிகிறதா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன், அதைக் கேட்கவே இல்லை. எழுது. இங்கே நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வேறு விசேஷம் இல்லை. அம்மாவை வரைந்துகொண்டிருந்த படம் என்னாச்சு என்று கேட்டாயே, அதற்குத்தான் கொஞ்சம் நீளமான பதில்.

முதல் படம் பாழ். கடையில் 'ஃப்ளெஷ் டின்ட்' என்று தோல் நிறப் பெயிண்ட் ஒரு ட்யூபில் விற்கிறார்கள். அதை வாங்கிவந்து, வெளிச்சத்துக்கு வெள்ளையும் நிழலுக்குக் கறுப்பும் கலந்து பதினைந்து நாள் மெனக்கெட்டால், ஜவுளிக்கடை வாசலில் சேலை கட்டி நிற்குமே பொம்மை, அது வந்து உட்கார்ந்திருக்கிறது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "யாருடா இவ, நல்லா செவப்பா இருக்கா" என்றாள்.

அந்த ட்யூபைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய ஓவியர்கள் என்னதான் செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். முதலில் மாட்டியவர் ஸ்வீடன்காரர் ஆண்டர்ஸ் ஸோர்ன். 1896-இல் தன்னையே வரைந்த படத்தில் நிறம் கலக்கும் பலகையோடு, அதான் பேலட், நிற்கிறார், அதில் இருப்பது நாலே நாலு நிறம்: வெள்ளை, மஞ்சள் காவி, வெர்மிலியன் சிவப்பு, கறுப்பு. நீலமே கிடையாது. நம்பாமல்தான் கலந்து பார்த்தேன் (வெர்மிலியனுக்குப் பதில் காட்மியம் சிவப்பு). கறுப்பில் வெள்ளையைச் சேர்த்தால் சாதாரணச் சாம்பல்தான் வருகிறது, ஆனால் அதையே சிவந்த கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தால் தோலுக்கடியில் ஓடும் நரம்பு மாதிரி நீலமாகத் தெரிகிறது. அதே சாம்பலை வெள்ளைத் தாளில் தடவினேன், வெறும் சிமெண்ட். மஞ்சள் காவியில் கறுப்பைக் கலந்தால் பாசிப் பச்சை. இத்தனை வருஷம் தோல் நிறம் என்று ஒன்றை ட்யூபுக்குள்ளே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன், அப்படி ஒன்றே இல்லை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் அதைத் தோலாக்குகிறது.

பச்சை என்றதும் அடுத்தவர் ஞாபகம் வருகிறார், சென்னினோ சென்னினி, இத்தாலிக்காரர். 1400 வாக்கில் அவர் எழுதிவைத்த கைவினைக் குறிப்புகளில், முகத்துக்கு முதலில் பச்சை மண் நிறத்தைப் பூசச் சொல்கிறார், அது காய்ந்த பிறகுதான் ரோஜா நிறம். அடியிலிருக்கும் பச்சை கன்னத்து ஓரங்களில் லேசாக எட்டிப் பார்க்கும்போது சிவப்புக்கு உயிர் வருகிறது. சியன்னா நகரத்துப் பழைய மாதா படங்கள் சிலவற்றில் முகம் நோயாளி மாதிரி பச்சையாக இருக்கும், பார்த்திருப்பாய். மேல்பூச்சு தேய்ந்து அடிப்பூச்சு வெளியே வந்ததுதான் காரணம். எனக்கு ரொம்பப் பிடித்தது முட்டை சமாச்சாரம். அந்தக் காலத்தில் நிறத்தை மஞ்சள் கருவில் குழைத்துத்தானே போடுவார்கள், இளம் முகத்துக்கு நகரத்துக் கோழி முட்டை எடு, அதன் கரு வெளிறியிருக்கும், வயதானவர்களுக்கும் கறுத்தவர்களுக்கும் கிராமத்துக் கோழி முட்டைதான் சரி, கரு நல்ல சிவப்பு என்கிறார். நம்ம நாட்டுக்கோழிக்கு அறுநூறு வருஷம் முன்பே இத்தாலியில் மரியாதை!

ஆனால் இந்த ஆட்களெல்லாம் பெரும்பாலும் வரைந்தது வெள்ளைத் தோல். அம்மாவுக்கு அது உதவாது. அப்போதுதான் ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1650-இல் ரோமில் வரைந்த ஹுவான் தெ பரேஹா படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் காப்பி செய்ய உட்கார்ந்தேன். பரேஹா அவரிடம் அடிமையாக இருந்தவர், அதே வருஷம் நவம்பரில் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார் வெலாஸ்கெஸ், அதுவும் நாலு வருஷம் கழித்துச் செல்லுபடியாகும் என்ற நிபந்தனையோடு. பின்னால் பரேஹாவும் ஓவியரானார். ஆனால் அந்தப் பார்வையைப் பார், பத்திரத்துக்கு முந்தைய படம் அது, அடிமை பார்க்கிற பார்வையா அது? சரி, விஷயத்துக்கு வருகிறேன். பின்னணியும் உடையும் பச்சை கலந்த சாம்பல், நடுவில் பழுப்பு முகம் தணல் மாதிரி நிற்கிறது. நாலு நாள் காப்பி பண்ணியதில் மூன்று நாள் போனது நெற்றிக்கு. கறுத்த தோலை வெளுப்பாக்கினால் வெளிச்சம் வராது மாப்ளே, சாம்பல் பூத்துவிடும். நிறத்தை அப்படியே விட்டுவிட்டு, ஒளி பட்டு மினுங்கும் ஓரிரு இடத்தில் மட்டும் கெட்டியாக வைக்க வேண்டும்.

அம்மாவை மறுபடி உட்கார வைத்தேன், வடக்கு ஜன்னலோரம். வானத்து வெளிச்சம் என்பதால் நெற்றி மினுக்கு லேசாக நீலம், தாடைக்கடியில் நிழல் செங்காவி. முதல் தடவை இரண்டையும் தலைகீழாகப் போட்டிருந்தேன். கன்னத்தில் எழுபது வருஷ மஞ்சள் பூச்சு ஊறிக்கிடக்கிறது, அதை மட்டும் மஞ்சள் காவியில் பிடித்தேன். டைட்டானியம் வெள்ளை சுண்ணாம்பு மாதிரி எல்லாவற்றையும் வெளுத்துத் தொலைக்கிறது, குண்டூசித் தலையளவுதான் தொட வேண்டும்.

நேற்று நெற்றியில் கடைசி மினுக்கை வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். கிட்டே வந்து ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் முந்தானையால் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "மூஞ்சில எண்ணெ வழியுது, சொல்லக்கூடாதா, கழுவிட்டு வந்து உக்காந்திருப்பேன்ல" என்று கோபித்துக்கொண்டாள்.

போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பார்த்துவிட்டுத் திட்டு.

உன் பழைய ரூம்மேட்