மறை 50 பாகையும் முறிகண்டி வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு வாகனப் பக்கத்தில் "குளிர்காலம் தொடங்குமுன் கூலன்றை 60 வீதமாக உயர்த்துங்கள், மறை 50 பாகையிலும் (-50°C) உறையாது" என்று போட்டிருந்தீர்கள். என்ஜின் சூட்டைத் தணிக்க றேடியேற்றர்த் தண்ணீரோடு கலக்கும் திரவத்தைத்தான் கூலன்ற் என்கிறீர்கள். வாசித்துவிட்டு முற்றத்துக்கு வந்து வானத்தைப் பார்த்தேன். மார்கழிப் பனிக்கு மப்ளர் கட்டுகிற சனம்தான் நாங்கள். ஆனால் அந்தப் பனியில் றேடியேற்றர் உறைந்த கதையை முப்பது வருடமாக வான் ஓட்டும் நான் கேள்விப்படவில்லை. கட்டுரையை ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்கு அனுப்பினேன். "இது எங்களுக்கு எழுதினதப்பா" என்றான். சரி, அப்படியென்றால் பத்திரிகைக் காசையும் அவனிடமே வாங்கியிருக்கலாம்.

தாங்கள் அறியாததா? கூலன்ற் கூடக்கூடக் குளிர்மை கூடாது. சூட்டைச் சுமந்துபோவதில் தண்ணீரை வெல்ல ஒன்றுமில்லை. பாதிக்குப் பாதி கலந்தால் மறை 37 வரை தாங்கும், தனிக் கூலன்றோ மறை 13 அளவிலேயே உறைந்துவிடும். எங்களுக்கு அது தேவைப்படுவது துரு பிடிக்காமலும், கொதிநிலை நூறிலிருந்து கொஞ்சம் மேலே ஏறவும்தான்.

இதை நான் படித்தது புத்தகத்தில் இல்லை. வான் வாங்கிய புதிதில் ஒரு கராஜ் பொடியன், தண்ணி கலந்தால் வீரியம் போய்விடும் என்று தனிக் கூலன்றையே ஊற்றிவிட்டான். கண்டிக்கு ஹயர். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தினேன், என்ஜின் சூடு காட்டும் ஊசி சிவப்பில் நின்றது. பயணிகள் ஆளுக்கொரு சரை கச்சானோடு மரநிழலில் ஒதுங்க, றேடியேற்றர் மூடியைத் திறக்கவும் பயந்து முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றேன்.

அதற்கு முந்தின பாடம் அப்பாவின் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. றேடியேற்றருக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் கேத்தில் அடியில் என்ன படியவிடும் என்று உங்கள் வீட்டு அடுப்படியில் கேளுங்கள். றேடியேற்றரைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளேயும் அதே வெள்ளைப் படை, குழாய்களில் பாதி அடைப்பு.

வாகனப் பக்கம் மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். வைகாசியில் "வசந்தத்துக்கேற்ற பூச்செடிகள்" என்றீர்கள். எங்களுக்கு அது காண்டாவனம், உச்ச வெயில் காலம் ஐயா, வேலியில் பூவரசே வாடி நிற்கும். சுகாதாரப் பக்கத்தில் வெயில் காணாத மாதங்களுக்கு விற்றமின் சொன்னீர்கள். அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். இடமில்லாமல் போயிருக்கும், பரவாயில்லை.

இந்தமுறை கேட்பது ஆறு வரி இடம். வாகனக் கைநூல் சொல்லும் வகையையே வாங்க வேண்டும், பச்சையா சிவப்பா என்று நிறம் பார்த்து வாங்கக் கூடாது. எங்கள் வெக்கைக்கு 40 வீதம் கூலன்றும் மிச்சம் காய்ச்சி வடித்த தண்ணீரும் போதும், என் வான் எட்டு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. போத்தலில் ஏற்கெனவே தண்ணீர் கலந்தது என்றிருந்தால் மேலும் கலக்க வேண்டாம். இதை அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். படம் தேவையில்லை. போனமுறை போட்ட பனி மூடிய கார் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்படிக்கு,
வான் சாரதி ஒருவன்,
சுன்னாகம்.