கனவில் கேட்ட குரல்

அன்புள்ள ராகவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து, மறுபடியும் காலையில் நடக்கப் போகிறாய் என்று அறிந்ததில் பெரிய நிம்மதி. இங்கும் அனைவரும் நலம்.

கனவில் நமக்கு உண்மையாகவே சத்தம் கேட்கிறதா, அல்லது கேட்டதாக விழித்தபின் எண்ணிக்கொள்கிறோமா என்று கேட்டிருந்தாய். அதற்காகவே இரண்டு வாரமாகத் தலைமாட்டில் ஒரு நோட்டை வைத்து, விழித்ததும் எழுதிவருகிறேன். பெரும்பாலான கனவுகளில் ஆட்கள் பேசினார்கள், பேசியதும் நினைவிருந்தது. எந்தக் குரலில் பேசினார்கள் என்று யோசித்தால்தான் ஒன்றும் பிடிபடவில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை விடியற்காலை வந்த கனவு மட்டும் வேறு. பழைய வீட்டுத் திண்ணையில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தில் அரிசி எழும்பி விழுகிற சரசரப்பும், இடையிடையே அவள் முறத்தின் விளிம்பைத் தட்டுகிற ஓசையும் துல்லியமாகக் கேட்டன. "சாப்ட்டியாடா?" என்று கேட்டபோது, கடைசிக் காலத்தில் அவள் தொண்டையில் இருந்த கரகரப்புகூட அப்படியே இருந்தது. அவள் போய்ப் பதினெட்டு ஆண்டுகளாகின்றன. விழித்திருக்கையில் எவ்வளவு முயன்றாலும் அந்தக் குரல் எனக்கு வருவதில்லை.

1958இல் டிமென்ட், வோல்பர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், கனவு காணும் நிலையில் தூங்கியவர்கள்மேல் தண்ணீர் தெளித்தும், அருகில் ஒலி எழுப்பியும் பார்த்தார்கள். தண்ணீர் நூற்றுக்கு 42 முறை ஏதோவொரு வடிவில் கனவுக்குள் நுழைந்தது. ஒலியோ 9 முறைதான். ஆனால் 1998இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆயிரக்கணக்கான கனவுக் குறிப்புகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றில் ஏதேனும் ஓர் ஓசை கேட்டிருக்கிறது. வாசனையும் சுவையும் நூற்றில் ஒன்றளவே. இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கையில், கனவில் கேட்பதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதன்று, நமக்குள் சேர்ந்து கிடப்பதே என்று நான் நம்புகிறேன்.

இத்தாலிய வயலின் கலைஞர் தார்த்தினி, 1713இல் தம் கனவில் சாத்தான் வாசித்த இசையைக் கேட்டு மெய்மறந்ததாகவும், விழித்ததும் அதைப் பிடிக்க முயன்று எழுதிய இசை, கேட்டதன் அருகில்கூட வரவில்லை என்றும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவருடைய தவிப்பு எனக்குப் புரிகிறது. அன்று கண்ணைத் திறந்த சில நொடிகளிலேயே அம்மாவின் குரல் போய்விட்டது. நோட்டில் அவள் கேட்ட கேள்வி மட்டும் இருக்கிறது.

உன் அண்ணன் பாடுவாரே, அவர் குரல் உனக்குக் கனவில் கேட்டதுண்டா? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சிவராமன்