உப்பு போட்டுட்டியா என்று கேட்டதற்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஜெர்மனியில் நிரந்தரமாகத் தங்க உனக்குக் கிடைத்த பி.ஆர். அட்டையின் படத்தை நேற்று நீ அனுப்பியதிலிருந்து அம்மா போனைக் கீழே வைக்கவில்லை. இன்று மார்ச் 22. வீட்டில் யாரும் அந்தத் தேதியைப் பற்றிப் பேசவில்லை.

படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்த வரியை நாலு தடவை படித்தேன். "கொரோனாதான் என்னை ஆளாக்கியது, எல்லாத்தையும் தனியா கத்துக்கிட்டேன்." பெரியம்மாவும் சித்தப்பாவும் வரிசையாக வாழ்த்துப் போட்டார்கள். நான் போடவில்லை. போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றுவாய், நானும் மாற்றுவேன். அதனால் சொந்தக்காரர்களும் படிக்கிற இங்கேயே எழுதுகிறேன்.

தனியாகவா? 2020 ஏப்ரல் கடைசி, சென்னையில் நாலு நாள் முழு ஊரடங்கு. வீடியோ காலில் நாம் பேசும்போது இங்கே ராத்திரி பத்து மணி, அங்கே உனக்கு மாலை ஆறரை. நீ இருந்த இடத்துப் பொது அடுப்படியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்கலாம், உனக்கு முக்கால் மணி நேரம். முதல் நாள் ராத்திரி நீ அரைத்து வைத்த இட்லி மாவு அசையாமல் கிடந்தது. இங்கே அந்த வெயிலில் ஆறு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழியும். உன் அறையில் 18 டிகிரி, பதினாலு மணி நேரம் கழித்தும் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி தட்டையாக இருந்தது. அவசரப்பட்டு ஓவனில் வைத்தாய். அந்த ஓவனில் ஆகக் குறைந்த சூடே 50 டிகிரி. மாவு புளிக்க 28, 30 போதும். 50இல் வைத்தால் புளிக்க வைக்கிற உயிரே செத்துப்போகும். ஓரமெல்லாம் வெந்து தோலாகிவிட்டது, நடுவில் பச்சை மாவு.

திருப்பிச் செய்யச் சொன்னேன். இட்லி அரிசி கிடைக்காது, நீள அரிசியில் புழுங்கல் வகை வாங்கு. நாலுக்கு ஒன்று வேண்டாம், மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், ஐந்து மணி நேரம் ஊறட்டும். மிக்ஸி சூடானால் உளுந்து பொங்காது, அதனால் ஐஸ் தண்ணீர் தெளித்து, ஒரு நிமிடம் ஓட்டி ஒரு நிமிடம் நிறுத்து. குளிரில் உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும், மாவு பொங்கின பிறகு போடு. ஓவனைப் போடாதே, உள்ளே இருக்கிற விளக்கை மட்டும் எரியவிட்டுக் கதவை மூடு. தட்டு இல்லையென்றால் கிண்ணத்தில் முக்கால் அளவு ஊற்றி, உயரமான பாத்திரத்தில் பதினைந்து நிமிடம் வேகவை.

வேறு யாராவது ஓவனைப் போட்டுவிடுவார்களே என்றாய். ஒரு தாளில் 'பிட்டெ நிஷ்ட் ஐன்ஷால்டன்' என்று எழுதி ஒட்டிவிட்டு, தயவுசெய்து போடாதீர்கள் என்று எனக்கு அர்த்தமும் சொன்னாய். அந்தக் கையெழுத்து இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் கெட்டுப்போன மாவை ஸ்பூனால் சுரண்டிக்கொண்டே, திரையைப் பார்க்காமல் கேட்டாய்: "அக்கா, நான் அன்னைக்கே வந்திருக்கலாமோ?"

நான் கேட்டேன்: "மாவுல உப்பு போட்டுட்டியா?"

"இல்லக்கா, நீதானே அப்புறம் போடச் சொன்னே."

அதோடு போனை வைத்துவிட்டோம். நீ திரும்ப அதைக் கேட்கவே இல்லை.

என் பக்கத்து நியாயத்தையும் கேள். உன் டிக்கெட் 2020 மார்ச் 20க்கு. 18 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து இந்தியாவுக்கு யாரையும் விமானத்தில் ஏற்றக்கூடாது என்று 16ஆம் தேதி உத்தரவு வந்தது. 22 முதல் எந்த நாட்டிலிருந்தும் விமானம் கிடையாது. வந்திருந்தால் பதினாலு நாள் தனி அறை, கதவில் மாநகராட்சி ஸ்டிக்கர். நம் வீட்டில் இருப்பது ஒரே குளியலறை, அம்மாவுக்குச் சர்க்கரை. ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனியை விட்டு வெளியே இருந்தால் உன் வதிவிட அனுமதியும் போய்விடும். அப்போது படிப்பு? இவ்வளவையும் யோசித்துத்தான் இருக்கச் சொன்னேன். இன்றைக்கும் இதில் ஒன்றைக்கூடத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

கல்விக் கடன் விஷயத்தை இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. தவணையை ஆகஸ்ட் வரை தள்ளிப்போட ரிசர்வ் வங்கி வழி விட்டது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. மீதி நமக்குத் தெரியும். படிக்கிற சொந்தக்காரர்களுக்கு இவ்வளவு போதும்.

ஆனால் நீ செய்தது? மார்ச்சிலேயே உணவகத்தில் உன்னை நிறுத்திவிட்டார்கள். விசாவுக்காக மொத்தமாகப் போட்டு வைத்து, மாதா மாதம் ஒரு அளவுதான் எடுக்க முடிகிற முடக்கப்பட்ட கணக்கிலிருந்து அப்போது மாதம் வந்தது 853 யூரோ. ஜூன் மாதம் மாணவர்களுக்கு அவசர உதவி கொடுத்தார்கள். கணக்கில் 100 யூரோவுக்குக் கீழே இருந்தால் 500 கிடைக்கும், மிச்சம் கூடக் கூட உதவி நூறு நூறாகக் குறையும். நீ ஜெர்மன் மொழிப் படிவத்தை நிரப்பி, வங்கிக் கணக்கு விவரத்தை ஏற்றி, முழு 500 வாங்கியிருக்கிறாய். அப்படியென்றால் உன்னிடம் நூறு யூரோகூட இல்லை. அந்த மாதம் முழுக்க எங்களிடம் "எல்லாம் ஓகே" என்றாய். எனக்கு விஷயம் தெரிந்தது இரண்டு வருடம் கழித்து, அதுவும் உன் நண்பன் வாயிலிருந்து. சாம்பார் பொடி எவ்வளவு போடுவது என்று கேட்க அக்கா வேண்டும், பட்டினிக்கு வேண்டாமா? அதைத்தான் நீ தனியாகக் கற்றுக்கொண்டது என்கிறாயா? எனக்கு அதில் இன்னும் கோபம் இருக்கிறது, தம்பி. அந்தப் படிவத்தை ஒற்றை ஆளாக முடித்த பிள்ளையை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது.

ஒருவேளை நான் மறைத்ததைப் பார்த்துத்தான் நீயும் மறைக்கக் கற்றாயோ என்னவோ.

16ஆம் தேதி ராத்திரி உன் டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று பார்த்தேன். 17ஆம் தேதி துபாய் வழியாக ஒரு சீட் இருந்தது. கூடுதலாகக் கேட்ட பணமும் என் கணக்கில் இருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு, "ஒண்ணும் கிடைக்கலைடா, அங்கேயே இரு" என்று உனக்குச் சொன்னேன். அம்மாவுக்கும் அதையேதான் சொன்னேன், அவளும் இதை இங்கேதான் படிக்கப்போகிறாள்.

நீ அன்று கேட்டதற்குப் பதில்: ஆமாம், வந்திருக்கலாம். என்னை மன்னித்துவிடு.

உன்
அக்கா