செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: நம் சங்கமும் நம் அடுப்படியும்

தலைவர் அம்மா அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் குடியிருப்போர் சங்கம் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் மாநகராட்சியில் மனு கொடுத்தோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி வைத்தோம். இவற்றின் விவரம் நடவடிக்கைப் புத்தகத்தில் இருக்கிறது, வேண்டியவர்கள் வாங்கிப் பார்க்கலாம். இந்த அறிக்கையில் நான் அதிகம் பேச நினைப்பது சமையல் குழுவைப் பற்றி. போன பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து, "சாக்கடையப் பத்திப் பேசறோம், லைட்டப் பத்திப் பேசறோம். மாசக் கடைசியில வீட்டுல என்ன ஆக்கறதுன்னு ஒரு நாளாவது பேசியிருக்கோமா?" என்று கேட்டார். அன்றைக்கே ஒரு குழு போட்டோம்.

நம் தெருக்களில் பீடி சுற்றுகிறவர்கள், ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் என்று பலர் இருக்கிறோம். இருபதாம் தேதிக்கு மேல் கையில் காசு இருக்காது. ஆனால் அரிசி இருக்கும். 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். அதனால் வேலூரில் ஒரு வீட்டில் மாசக் கடைசியில் சோறு இல்லை என்பது அபூர்வம். சோற்றில் போட்டுக்கொள்ளத்தான் ஒன்றும் இருப்பதில்லை. வெறும் ரசமும் ஊறுகாயுமாக நாலு நாள், புளித்தண்ணியோடு நாலு நாள் என்று ஓட்டிவிடுகிறோம். வயிறு நிறைகிறது, உடம்பில் ஒட்டுவதில்லை.

ஆகவே குழு எடுத்த முதல் முடிவு இதுதான்: சம்பளம் வந்ததும் பருப்பு, பயறு, கேழ்வரகு, மல்லாட்டை (வேர்க்கடலை) இந்த நான்குக்கும் முதலில் காசை ஒதுக்க வேண்டும். மற்ற செலவு அதற்கு அப்புறம். வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கைத் தனி டப்பாவில் போட்டு, இருபதாம் தேதி வரை திறக்கக் கூடாது. கேட்க எளிதாக இருக்கும், நடத்துவது கஷ்டம். விருந்தாளி வந்தாலும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் கை முதலில் அந்த டப்பாவுக்குத்தான் போகும். இருந்தாலும் இந்த முறையைப் பிடித்துக்கொண்ட வீடுகளில் கடைசி வாரத்தில் குழம்பு கொதிக்கிறது என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

ரேஷனில் கிடைக்கும் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் அந்த விலைக்குக் கிடைக்காது. இரண்டையும் விடாமல் வாங்கச் சொன்னோம். மற்றதை நேதாஜி மார்க்கெட் பக்கம் மண்டியில் மூட்டையாக எடுத்து, உறுப்பினர்கள் முன்னாலேயே எடை போட்டுப் பிரித்தோம். கொள்ளு, காராமணி, பச்சைப்பயறு மூன்றும் துவரையை விடப் பெரும்பாலும் மலிவாகக் கிடைத்தன. பூச்சி வராமல் இருக்க வெயிலில் காயவைத்து, ஆறியபின் காய்ந்த வேப்பிலையும் வரமிளகாயும் போட்டு மூட வேண்டும். வெயிலுக்கு நம் ஊரில் குறை இல்லை. காய்கறிக்கு டோல்கேட் உழவர் சந்தைக்குக் காலையிலேயே இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பதால் பேரம் பேசி ஏமாற வேண்டியதில்லை.

செயல்முறை வகுப்புகளில் அதிகம் கூட்டம் சேர்ந்தது களிக்கும் கூழுக்கும்தான். நம் வடாற்காட்டு ஆயாக்கள் கேவுரு என்று சொல்லும் கேழ்வரகு, ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றுவதோடு பல வீடுகளில் நின்றுபோயிருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் 120 அளவுதான். பால் வாங்க முடியாத வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! கேழ்வரகை முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்து அரைத்தால் அதன் சத்து உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும், குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சவும் ஏற்றது. கூழுக்கு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய் வெந்ததும் ஊற்றிக் கட்டி விழாமல் கிண்ட வேண்டும். மே மாதத்தில் மாவு அரை நாளில் புளித்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ள மல்லாட்டைத் துவையல். மல்லாட்டையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். அது நம் மண்ணில் விளைவது, ஏழை வீட்டுக்கு அதைப் போல உதவுவது வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கொள்ளு வகுப்பையும் சொல்ல வேண்டும். ஒரு டம்ளர் கொள்ளை இரவே ஊறவைத்து, காலையில் குக்கரில் வேகவைத்து, வடித்த தண்ணீரில் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு ரசம் வைத்தோம். வெந்த கொள்ளில் பாதியை வரமிளகாய், புளி, தேங்காய்ச் சில்லோடு அரைத்துத் துவையல் செய்தோம். மீதியைத் தாளித்து மாலையில் பிள்ளைகளுக்குச் சுண்டலாகக் கொடுத்தோம். ஒரே அடுப்பு, ஒரே வேகவைப்பு. பயறை ஊறவைத்தாலே வேகும் நேரம் குறைகிறது, கேஸ் நாலு நாள் கூட வருகிறது என்று உறுப்பினர்களே சொன்னார்கள். நம் வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. விலை இறங்கும் நாளில் அதைக் காராமணியோடு போட்டுக் குழம்பு வைத்தால் வேறு எதுவும் வேண்டாம். கீரையில் முருங்கைக்கீரையை முதலில் வைத்தோம். மரம் உள்ள வீடுகள் மற்றவர்களுக்கு ஒடித்துக் கொடுத்தன. அவர்களுக்குச் சங்கம் நன்றி சொல்கிறது.

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்ற பேச்சு நம் தெருவிலும் வந்தது. வித்தியாசமாகத் தெரிகிற அந்த அரிசியைப் பொறுக்கி எறிந்தவர்களும் இருந்தார்கள். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்தது. 2024–25-ல் நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு கலந்து தந்தார்கள். ஆகவே எறியாதீர்கள். அரிசியை ஏழெட்டு முறை கழுவாதீர்கள். முடிந்தவரை கஞ்சி வடிக்காமல் அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குங்கள், வடித்தால் அந்தக் கஞ்சியில் உப்பும் மோரும் போட்டுக் குடியுங்கள்.

இனி, நான் மிகவும் கவலையோடு எழுதும் பகுதி. வகுப்பு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, "நீங்க எப்போ சாப்பிடுவீங்க?" என்று குழுவினர் ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். எல்லாருக்கும் போட்டுவிட்டு சட்டியில் இருப்பதைச் சாப்பிடுவேன் என்பதே பெரும்பாலும் பதில். பருப்பும் கீரையும் முட்டையும் அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். அடிச்சோறும் குழம்புத் தண்ணியும் அவர்களுக்கு. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். நம் வீட்டுச் சட்டியையும் அந்தக் கணக்கையும் நான் தனித்தனியாகப் பார்க்கவில்லை. எவ்வளவு நன்றாகத் திட்டம் போட்டு வாங்கினாலும், சமைத்தவருக்கு அது போய்ச் சேரவில்லை என்றால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

அதனால் குழு ஒரு வழக்கத்தைக் கேட்டுக்கொண்டது. பரிமாறுவதற்கு முன்பே சமைத்தவர் பங்கைப் பருப்போடும் காயோடும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைக்க வேண்டும். அதை எடுத்து வைப்பது வீட்டு ஆண்களின் பொறுப்பு அல்லது வளர்ந்த பிள்ளைகளின் பொறுப்பு. சில வீடுகளில் மாமியாரே இதைச் செய்யத் தொடங்கியிருக்கிறார் என்று கேட்டபோது மனம் நிறைந்தது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைபடும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது. பீடி சுற்றும் சகோதரிகளுக்கு டீயை விடுவது எவ்வளவு சிரமம் என்று தெரியும். விடச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொல்கிறேன்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. தினம் பத்து ரூபாய்க்கு வாங்கும் பொட்டலத் தீனி மாதத்தில் முந்நூறு ரூபாய் ஆகிறது. அந்தக் காசுக்கு வேகவைத்த மல்லாட்டையும் வாரம் இரண்டு முட்டையும் கொடுக்க முடியும். கண்டிப்பதால் இது நடக்காது. பள்ளி விட்டு வரும் நேரத்தில் சுண்டல் தயாராக இருந்தால்தான் நடக்கும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சமையல் குழுவுக்குப் பாத்திரமும் தராசும் கொடுத்து உதவியவர்களுக்கும், வாசல் திண்ணையை வகுப்புக்கு விட்ட பெரியம்மாவுக்கும், மூட்டை தூக்கிய இளைஞர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்குக் குழு முன்வைக்கும் தீர்மானம் ஒன்று: பருப்புச் சீட்டு தொடங்குவது. விருப்பமுள்ள உறுப்பினர்கள் வாரந்தோறும் சிறு தொகை கட்டி, மாத முதலில் அதற்குச் சமமான பருப்பும் பயறும் வாங்கிக்கொள்வார்கள். தொகை எவ்வளவு, கணக்கு யார் எழுதுவது என்பதை இன்றே பேசி முடிவு செய்யலாம். இந்த அறிக்கையையும் தீர்மானத்தையும் விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
வேலூர்