ஊசி குத்தின முழங்கால்

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து கனநாள், பதில் பிந்தியதற்குச் சாட்டு ஒன்றும் இல்லை, பஞ்சிதான். மகனுக்குப் பின்தொடை பிடித்து ஓட முடியாமல் இருக்கிறது, அக்குபங்சர் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். நல்ல ஆளிடம்தான் கேட்டாய், நானே இரண்டு மாதமாக ஊசி குத்திக்கொண்டு திரிகிறேன்.

எனக்கு வலது முழங்கால். வெறுங்காலோடு ஓவர்கேம் கரப்பந்தாட்டம் விளையாடிப் பாய்ந்த பாய்ச்சலுக்கெல்லாம் இப்போதுதான் கணக்குத் தீர்க்கிறது. படி இறங்கினால் நறநற என்று சத்தம், கிணற்றடியில் குந்தினால் கட்டைப் பிடித்துத்தான் எழும்ப வேண்டும். எக்ஸ்ரே பார்த்த டொக்டர் மூட்டுத் தேய்மானம் என்றார். முறிவு நெரிவுப் பரியாரியாரின் எண்ணெயும் பூசினேன், மணம் பிடிக்காமல் மனிசி என்னை விறாந்தைக்கு அனுப்பிவிட்டாள். அப்புறம்தான் ஊசி. முதலில் போன இடத்தில் பத்துத் தரத்தில் பூரண சுகம் என்று மொத்தக் காசையும் முன்னுக்கே கேட்டார்கள், வெளிக்கிட்டு வந்துவிட்டேன்.

இப்போது போகிற இடத்தில் அப்படிப் பேச்சு இல்லை. ஊசி ஈர்க்கை விட மெல்லிசு, கால் மில்லிமீற்றர்தான் இருக்கும், ஒருதரம் குத்தினதைத் திரும்பப் பாவிப்பதில்லை. காலை மடக்கிக்கொண்டு முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கமாகத் தொட்டுப் பார், ஒரு பள்ளம் இருக்கும். சீனக்காரர் அதற்குக் கன்றுக்குட்டி மூக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உள்பக்கத்துப் பள்ளத்தையும் சேர்த்துப் பார்த்தால் மாட்டுக்கன்று மூக்கேதான்! குத்தும்போது நுளம்பு கடித்த மாதிரி, பிறகு மெல்லத் திருகினால் உள்ளுக்குள் ஈயம் ஊற்றினது போல ஒரு பாரம் கணுக்கால்வரை இறங்கும். அந்தப் பாரம் வந்தால்தான் இடம் சரி என்பார்கள்.

நோ குறைந்ததா என்றால், குறைந்தது, இரண்டு மூன்று நாளைக்கு. பிறகு திரும்பி வந்துவிடும். சும்மா இருக்க மாட்டாமல் தேடி வாசித்தேன். நாட்பட்ட இடுப்பு நோ உள்ள 1162 பேரை வைத்து ஜெர்மனியில் செய்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. ஆறு மாதத்தின் பின், முறையான இடங்களில் ஆழமாகக் குத்தினவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், புள்ளியே இல்லாத இடங்களில் மேலாகக் குத்தினவர்களில் 44.2, வழமையான மருந்தும் பயிற்சியும் எடுத்தவர்களில் 27.4. அப்படியென்றால் ஊசி ஏதோ செய்கிறது, எங்கே குத்துகிறது என்பதுதான் பெரிதாக இல்லைப் போல. கன்றுக்குட்டி மூக்கில் இருந்த பக்தி அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது. ஒருவர் அரை மணித்தியாலம் பக்கத்தில் நின்று எங்கே நோகிறது என்று தொட்டுத் தொட்டுக் கேட்பதே பாதி வைத்தியம் என்று எனக்குப் படுகிறது. உங்கள் இங்கிலாந்தில் எந்த வைத்தியம் கொடுக்கலாம் என்று வழிகாட்டுகிற நைஸ் அமைப்பும் 2021இல் காரணம் பிடிபடாத நாட்பட்ட நோவுக்கு இதைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்றது.

நான் நிற்பாட்டவில்லை. பிசியோ பிள்ளை ஒரு வழி சொன்னாள்: நோ இல்லாத அந்த இரண்டு நாளையும் வீணாக்காதே, கை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழும்பு, பத்துத் தரம், நாளுக்கு மூன்று முறை. இப்போது தொடையில் சதை பிடித்திருக்கிறது, கிணற்றுக் கட்டின் உதவி தேவையில்லை. என் கணக்கில் காலைத் திருத்தினது கதிரைதான், ஊசி அதற்கு வழிவிட்டது.

மகனுடைய கதை வேறு. மட்சுக்கு முதல்நாள் குத்தினால் வேகம் கூடும் என்று கிளப்பில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய், அதற்கு உருப்படியான ஆதாரம் ஒன்றையும் நான் காணவில்லை. அதைவிட, கிழிந்த தசையின் நோவை அமத்திவிட்டு ஓடவிட்டால் கிழிசல் பெருக்கும், நோதானே பொறு என்று சொல்கிறது. ஊசி குத்தட்டும், ஆனால் அன்றைக்கு ஓட விடாதே. காயம் ஆறின பிறகு முழங்காலில் நின்று, நீ கணுக்காலைப் பிடிக்க, அவன் முன்னுக்கு மெல்ல மெல்லச் சாய்கிற நோர்டிக் பயிற்சியைச் செய்யச் சொல். பின்தொடை திரும்பப் பிடிக்காமல் இருக்க அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. முதல் கிழமை பிட்டத்துக்குக் கீழே நல்லாக நோகும், பயப்பட வேண்டாம். நெஞ்சுப் பக்கம், தோளின் பின்பக்கம் குத்த வந்தால் மட்டும் ஆள் படித்தவரா என்று பார், அங்கே நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாய் என்றால் நேரத்தோடு எழுது, பின்அறையில் கட்டில் போட வேண்டும். மகனையும் கூட்டி வா. பின்னேரங்களில் ஓவர்கேம் இன்னும் நடக்கிறது, நான் ஸ்கோர் எழுதுகிறேன்.

உன்,
பழைய மச்சான்