மோல்மீன் நண்பனுக்கு, பேட்டரி பற்றி

யாங்கோன்,
பங்குனி 9

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தன் கையால் எழுதிய 'தாத்தா'வை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். இங்கு அனைவரும் நலம். வெயில் மட்டும் இப்போதே சித்திரையைப் போலக் காய்கிறது. மின்சாரமும் நினைத்தபோது வந்து நினைத்தபோது போகிறது.

அம்மாவின் கண் அறுவைக்காகத் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்பே காரில் அழைத்து வருவதாக எழுதியிருக்கிறாய். தாராளமாக வா. ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "காலையில் வண்டி முனகித்தான் கிளம்புகிறது, மதியம் ஒரு குறையும் இல்லை" என்று, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. மதியம் கிளம்புவதை நம்பாதே, மாணிக்கம். வெயிலில் என்ஜின் ஆயில் இளகியிருக்கும். பேட்டரிக்குள் வேதிவினையும் சுறுசுறுப்பாக நடக்கும். அதனால் பாதி செத்த பேட்டரிகூட வண்டியைக் கிளப்பிவிடும். அதே வெப்பந்தான் உள்ளே ஈயத் தகடுகளை அரிக்கிறது, நீரை வற்றவைக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தத் தேய்மானம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். குளிர்நாட்டில் 5 ஆண்டு உழைப்பது நம் ஊர்களில் 2, 3 ஆண்டுகளில் முடிந்துவிடுவது இதனால்தான். பனி கொட்டும் நாட்டில் காலையில் வண்டி திணறுவது இயல்பு. மோல்மீனின் பங்குனிக் காலையில் என்ன குளிர் இருக்கிறது, அது திணறுவதற்கு?

சென்ற வாரம் பக்கத்து வீட்டுத் தம்பியின் டாக்சியில் இதைக் கண்ணால் பார்த்தேன். காலை முழுவதும் சவாரி ஓட்டியவன், சாப்பிட வந்து நிறுத்தினான். திரும்பச் சாவியைத் திருப்பினால் 'டக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பானெட்டைத் திறந்தோம். பேட்டரியின் பக்கச் சுவர் வெளியே உப்பியிருந்தது. பிளஸ் முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. பேட்டரியின் ஆறு அறைகளில் (செல்களில்) ஐந்தில் நீர் சரியாக இருக்க, ஒன்றில் மட்டும் தகடு வெளியே தெரிந்தது. அந்தச் செல்லுக்கு மட்டும் அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருந்ததாம். அதுவே போதுமான எச்சரிக்கை.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று இரவல் வாங்கிக்கொள். இரவு முழுவதும் நின்ற வண்டியில், சாவி போடுமுன் அளந்து பார். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான்; 12க்குக் கீழே போனால் கவலைப்படு. பிறகு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு முள்ளைக் கவனி. முழு சார்ஜில் இருந்த பேட்டரி அந்த நொடியில் 9.6க்குக் கீழே விழுந்தால் மாற்றிவிடு. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோளாறு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கலாம். அதைப் பாராமல் புதுப் பேட்டரிக்குப் பணம் கொடுத்துவிடாதே.

நீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்று. கிணற்று நீரின் உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, பெட்டி உப்பியிருந்தாலோ சார்ஜ் போடவே வேண்டாம், வேறு வண்டியிலிருந்து கேபிள் மாட்டிக் கிளப்பவும் வேண்டாம். அருகில் யாரும் சுருட்டுப் பற்றவைக்கவும் கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் வெடிக்கும்.

மாற்றுவதானால் இந்த வாரமே மாற்று. திருவிழா தொடங்கிவிட்டால் பட்டறைகள் பூட்டிவிடும், வேலைக்காரர்களும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். வரும் வழியில் தாட்டோனுக்கும் பெகுவுக்கும் நடுவே வண்டி நின்றால், அம்மாவை உச்சி வெயிலில் வைத்துக்கொண்டு நீ யாரைத் தேடுவாய்? கடையில் தயாரிப்புத் தேதியையும் கேள். வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி, விற்கும்போதே பழையதுதான். நம் ஜப்பான் வண்டிகளுக்கு வரும் பேட்டரிகளில் எண்ணின் கடைசியில் 'எல்' அல்லது 'ஆர்' இருக்கும். அது முனைகள் எந்தப் பக்கம் என்பதைக் குறிப்பது. மாறிப்போனால் கேபிள் எட்டாது.

அளந்த எண்களைத் தொலைபேசியில் சொல், சேர்ந்து முடிவு செய்வோம். அம்மா படியேற வேண்டாம் என்று கீழ் அறையை ஒழித்து வைத்திருக்கிறோம். அவர் இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்து வா, இங்கே மருத்துவர் கேட்பார்.

அன்புடன்,
இராமசாமி