முதியோர் இல்லங்களில் ஒரு புதிய பணியிடம் வேண்டி, நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், இம்மாவட்டத்தில் முதியோர் இல்லங்களையும் மாற்றுத்திறனாளிகள் இல்லங்களையும் நடத்திவரும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் கோத்தகிரியைச் சேர்ந்தவள். கணினி அறிவியலில் பட்டம் பெற்றவள். கடந்த இரண்டு ஆண்டுகளாக வாரத்தில் மூன்று நாள், குன்னூர்ப் பக்கத்து இல்லங்கள் இரண்டுக்குச் சென்று, அங்கு இருப்பவர்கள் தங்கள் கைபேசியைத் தாங்களே பயன்படுத்த உதவிவருகிறேன். இதைப் பார்ப்பவர்கள் எல்லோரும் 'நல்ல சேவை' என்கிறார்கள். அந்தச் சொல்லே எனக்குத் தடையாக நிற்கிறது. சேவைக்குச் சம்பளம் கிடையாது, பயிற்சி கிடையாது, வராமல் போனால் கேட்பாரும் கிடையாது. இது ஒரு வேலையாக வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுவோர் நவம்பர் மாதத்துக்குள் ஆயுள் சான்று அளிக்க வேண்டும். 80 வயது கடந்தவர்களுக்கு அக்டோபர் முதல் தேதியிலிருந்தே வாய்ப்பு உண்டு. இந்த இரண்டு மாதங்களும் எங்கள் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழைக் காலம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் பணியாற்றியவரின் மனைவியான ஒரு பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. சொந்தத் தோட்டத்தில் பல்லாண்டுகள் கொழுந்து பறித்த கைகள் அவருடையவை. ரேகை தேய்ந்துவிட்டதால், ஆயுள் சான்றுக்காகக் கைரேகை பதியும் கருவி நான்கு முறையும் ஏற்கவில்லை. முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வழிக்கு மாறினோம். அந்தச் செயலி கண்ணைச் சிமிட்டச் சொல்லும். கூடத்தில் அவருக்குப் பின்னால் குழல்விளக்கு எரிந்ததால் முகம் இருண்டு தெரிந்தது. வராந்தாவுக்கு வந்தால் மூடுபனி. "கண்ணை மூடித் திறங்க பாட்டி" என்றால், மூடிய கண்ணைச் சாமி கும்பிடுவதுபோல் மூடியே வைத்திருந்தார். சுவரோரமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு, நானும் எதிரில் அமர்ந்து சிமிட்டிக் காட்டி, அவர் அதைப் பார்த்துச் சிமிட்டி முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. முடிந்ததும் அவர் கேட்டார்: "அடுத்த வருசமும் நீதானே வருவே?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த வேலைக்கென்று ஒரு தொழிலறிவு இருக்கிறது. தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்ந்து இயங்குவது. குளிரில் விறைத்து வறண்ட விரலை அது பல வேளைகளில் கண்டுகொள்வதில்லை. தேநீர் டம்ளரைச் சற்று நேரம் பிடித்திருக்கச் சொன்னால் பாதிச் சிக்கல் தீர்கிறது. நடுங்கும் விரல் ஒரே இடத்தில் நீண்ட நேரம் அழுந்துவதால் திரையில் உள்ள செயலிகளின் சின்னங்கள் இடம் மாறிவிடும். அழுத்தும் நேரத்தை நீட்டிக்க செட்டிங்ஸில் வழியுண்டு என்பது பல வீட்டாருக்குத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாத, நீலகிரியின் படகர் சமூகத்து மூதாட்டி ஒருவருக்கு, பேரனுக்குப் படகர் மொழியில் குரல்செய்தி அனுப்பக் கற்றுக்கொடுத்தேன். அவருக்கு அந்த ஒரு பொத்தான் போதும். வேறு எதையும் கற்க அவர் விரும்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் ஒரு பெரியவரின் கைபேசியை எளிமையாக்குகிறேன் என்று, அவரைக் கேட்காமலே திரையைச் சுத்தம் செய்து எழுத்துகளைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். முகப்பில் அவர் மனைவியின் படம் இருந்தது; அது போய்விட்டது. படம் கோப்பில்தான் இருந்தது, பத்து நிமிடத்தில் மீட்டுவிட்டேன். ஆனால் அதன்பின் ஒரு மாதம் அவர் கைபேசியை என் கையில் தரவில்லை. பிறர் கைபேசியை அனுமதியின்றித் தொடக்கூடாது என்பதை அன்று கற்றேன். முறையான பயிற்சி இருந்திருந்தால் அது முதல் நாளே சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கும்.

இதைவிடக் கவலை தருவது பணம். நான் பார்த்த ஓர் இல்லத்தில், வசதிக்காக என்று பலருடைய ஏடிஎம் ரகசிய எண்கள் ஒரே நோட்டில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. எவரும் கெட்ட எண்ணத்தில் அதைச் செய்யவில்லை. ஆயினும் ஒருநாள் பணம் குறைந்தால் யார் மீது பழி விழும்? போலீஸ் என்று பொய் சொல்லி, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பணம் பறிக்க வரும் அழைப்புகளுக்கும் முதியவர்கள் எளிதில் இலக்காகிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லை என்பதையும், பணம் போனால் தாமதமின்றி 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் நான் ஒவ்வொரு மாதமும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்கிறேன். உதவிக்கு வருபவர் காவல்துறைச் சரிபார்ப்புப் பெற்றவராகவும், ஓடிபி எண்ணையோ ரகசிய எண்ணையோ கேட்கவும் குறித்துவைக்கவும் கூடாது என்ற எழுத்துப்பூர்வமான விதிக்குக் கட்டுப்பட்டவராகவும் இருக்க வேண்டும். அன்பை மட்டும் நம்பி ஒருவரை உள்ளே விடுவது, என்னையும் சேர்த்தே சொல்கிறேன், சரியன்று.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, 'நலம்' என்பதற்கு உணவு, மருத்துவம், பொழுதுபோக்கு மையங்களோடு தேவையான பிற வசதிகளையும் சேர்த்தே பொருள் கூறுகிறது. ஓய்வூதியமும் பிள்ளைகளின் குரலும் கைபேசி வழியாகவே வந்துசேரும் காலத்தில், அதைப் பயன்படுத்தத் துணைநிற்பதும் அந்த வசதிகளுக்குள் அடங்கும் என்பது என் வாதம்.

சிறிய இல்லங்கள் ஒவ்வொன்றும் தனியே ஆள் வைக்க இயலாது என்பதை அறிவேன். ஒரே பேருந்துத் தடத்தில் உள்ள மூன்று, நான்கு இல்லங்கள் சேர்ந்து ஒருவருக்குச் சம்பளத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். பயிற்சியையும் சரிபார்ப்பையும் மாவட்ட நிர்வாகம் ஏற்கலாம். பட்டம் முடித்துவிட்டுக் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப்போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில், படகர் மொழியும் தமிழும் பேசி, பொறுமையாக அருகில் உட்காரத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

முதற்கட்டமாக ஒரு தடத்தில் ஆறு மாதம் சோதித்துப் பாருங்கள். அந்தப் பணிக்கு நான் விண்ணப்பிப்பேன். என்னைவிடத் தகுதியானவர் வந்தால் என் குறிப்பேட்டை அவரிடம் ஒப்படைப்பேன். முடிவு செப்டம்பருக்குள் வந்தால், அக்டோபர் முதல் தேதி வராந்தாவில் எந்த மூலையில் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று முன்கூட்டியே பார்த்து வைக்க முடியும்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு பட்டதாரி